மார்கழியில் இலை நிற்கும் ரோசா

ரோசாக் கன்று வாங்கப் போகிறவர்கள் பூவைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். மாசி, பங்குனியில் பண்டாரவளைப் பாதையோரம் கறுப்புப் பைகளில் வரிசையாக நிற்கும் கன்றுகளில் எதுவுமே சோடை போனதாகத் தெரியாது. வெயில் அளவாக இருக்கும், இரவில் குளிரும், இலை பளபளக்கும், மொட்டு தடித்து நிற்கும். அதே கன்றை வீட்டில் நட்டு, ஐப்பசி மழை இறங்கிக் கார்த்திகை முழுக்கப் பனிமூட்டத்தில் நனைந்த பிறகு பாருங்கள். அடியிலிருந்து இலை மஞ்சளாகிக் கொட்டி, மார்கழியில் நாலு முள்ளுக்குச்சி மட்டும் மிஞ்சும். "எனக்குக் கைராசி இல்ல" என்று வீட்டில் சொல்வார்கள். கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஊவாவின் மழைக்காலத்தைத் தாங்காத இனத்தை வாங்கி வந்துவிட்டோம், அவ்வளவுதான்.

அந்த மழைக்காலத்தை இலையோடு கடக்கிற ரோசாக்களும் உண்டு. புதர் ரோசா என்று சொல்லலாம். இரண்டு, மூன்று அடிக்குள் அடங்கிவிடும், இளஞ்சிவப்பில் கொத்துக் கொத்தாகப் பூக்கும், மருந்து கேட்காது. ஒற்றைப் பூ சிறிதுதான், ஆனால் ஒரு கொத்தில் பத்து, பதினைந்து இருக்கும். லயத்து வாசலுக்கும் கானுக்கும் இடையில் கிடைக்கிற நாலடி மண்ணுக்கும், புதிய வீடமைப்புத் திட்டங்களில் கிடைத்த ஏழு பேர்ச் காணிக்கும் ஏற்ற அளவு. ஏழு பேர்ச் என்பது ஏறக்குறைய 177 சதுர மீற்றர். வீடும் பாதையும் போக மிஞ்சுகிற இடத்தில் போஞ்சியும் கரட்டும் லீக்ஸும்தான் முதலில் இடம் பிடிக்கும், பிடிக்கவும் வேண்டும். ரோசாவுக்குக் கிடைப்பது ஒரு மூலை. அந்த மூலையில் எதை நடுவது என்பதுதான் கேள்வி.

ரோசாவின் இலையைக் கொட்ட வைப்பது கரும்புள்ளி நோய். டிப்லோகார்பன் ரோசே என்ற பூஞ்சணத்தின் வேலை. பதுளை மாவட்டத்துக்கு இலைப் பூஞ்சணங்கள் புதியவை அல்ல. தேயிலைக்கு முன்னால் இந்த மலைகளில் கோப்பி இருந்தது. அந்தக் கோப்பியை அழித்த துரு நோய் இலங்கையில் முதன்முதலாகக் கண்ணில் பட்டது 1869-ல், நம்முடைய மடுல்சீமைப் பகுதியில். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தொழிலே படுத்துவிட்டது. அதை ஆராய 1880-ல் இங்கிலாந்திலிருந்து வந்த ஹரி மார்ஷல் வார்டு என்ற இளைஞர் இரண்டு வருடம் தங்கிப் பூஞ்சணத்தின் வாழ்க்கைச் சுற்றைப் படிப்படியாகக் கண்டெழுதினார். இலைமேல் விழுந்த வித்து ஈரத்தில் முளைத்து, இலையின் சுவாசத் துளை வழியாக உள்ளே இறங்குகிறது என்று காட்டினார். காய்ந்த இலையில் அந்த வித்தால் எதுவும் செய்ய முடியாது. அவர் கண்டது கோப்பியைக் காப்பாற்றவில்லை. அந்தப் பாடம் மட்டும் எல்லா இலை நோய்க்கும் உதவுகிறது.

1946-ல் இலங்கைக்குள் வந்த தேயிலைக் கொப்புள நோயும் இதே வழிதான். மூட்டம் போட்டு இலை காயாத நாட்கள் தொடர்ந்தால் கொழுந்தில் கொப்புளம் கிளம்பும், வெயில் அடித்தால் அடங்கும் என்பதைக் கொழுந்தெடுக்கிற எந்த அக்காவிடம் கேட்டாலும் சொல்வார். ரோசாவின் கரும்புள்ளிக்கும் அந்தக் கணக்கே போதும். இருபது பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் இலை ஏழு மணித்தியாலம் போல் தொடர்ந்து ஈரமாக இருந்தால் வித்து உள்ளே போய்விடும். ஒரு வாரம், பத்து நாளில் புள்ளி தெரியும். அதற்குப் பிறகு ஒவ்வொரு புள்ளியும் ஆயிரக்கணக்கில் வித்து தயாரிக்கும். கோப்பித் துருவுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கரும்புள்ளியின் வித்து காற்றில் அதிக தூரம் பறக்காது. மழைத்துளி தெறித்துத்தான் பரவும். கீழே விழுந்த நோய் இலையில் துளி விழுந்து, அது அடி இலைக்குத் தெறித்து, அங்கிருந்து அடுத்த இலைக்கு ஏறும். செடி கீழிருந்து மேலாக மொட்டையாவதன் காரணம் இதுதான்.

பதுளை நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேலே. ஆயிரம் மீற்றருக்கு ஆறரைப் பாகை என்ற கணக்கில் இரண்டுக்கும் இடையே ஐந்து பாகை வித்தியாசம் வரும். ஒக்டோபர், நவம்பரில் பருவங்களுக்கு இடைப்பட்ட மழை இறங்குகிறது, டிசம்பரிலிருந்து வடகீழ்ப் பருவக்காற்று ஊவாவின் கிழக்குச் சரிவில் நேராக வந்து மோதுகிறது. அந்த மாதங்களில் பசறையிலும் மடுல்சீமையிலும் நமுனுகுலைச் சரிவிலும் இலை ஒரு நாள் முழுக்கக் காயாமல் கிடப்பது சாதாரணம். கரும்புள்ளிக்கு ஏழு மணித்தியாலம் போதும். ஊவா இருபத்துநாலு மணித்தியாலம் கொடுக்கிறது.

இதை மருந்தால் வெல்ல முடியும். வாரம் ஒரு தடவை, மழை கழுவினால் மறுபடி ஒரு தடவை. பிள்ளைகள் விளையாடும், துணி காயும் வாசலில் அதைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதைவிட நல்ல வழியை அமெரிக்காவில் ஒருவர் காட்டியிருக்கிறார்.

விஸ்கொன்சின் மாநிலத்து மில்வாக்கி நகரைச் சேர்ந்த வில்லியம் ராட்லர், ரோசாக்களைக் கலந்து புதிய இனம் எடுப்பதைப் பொழுதுபோக்காகத் தொடங்கியவர். மற்றவர்கள் நாற்றைப் பொத்திப் பொத்தி வளர்க்க, இவர் நோய் பிடித்த இலைகளைப் பொறுக்கிக் காயவைத்துப் பொடியாக்கி நாற்றுகள்மேல் தூவினார். மேலிருந்து தண்ணீர் தெளித்து இலையை ஈரமாகவே வைத்தார். நோய் விழுந்த நாற்றெல்லாம் குப்பைக்குப் போனது. தாங்கியது மட்டும் அடுத்த கலப்புக்குத் தாயானது. அப்படிப் பல வருடம் சலித்தெடுத்ததுதான் 2000-ல் சந்தைக்கு வந்த 'நொக் அவுட்'. அதன் இளஞ்சிவப்பு வடிவம் சில வருடம் கழித்து வந்தது. மருந்தடிக்காமல் நிற்கிற ரோசாவாக உலகத்தில் மிக அதிகம் விற்ற செடிகளில் அது ஒன்று.

அவருக்கு முன்பும் இந்த வரிசையில் செடிகள் இருந்தன. இங்கிலாந்தில் ஆன் பென்டால் 1932-ல் வெளியிட்ட 'தி ஃபேரி' இரண்டடிப் புதர். நகத்தளவு இளஞ்சிவப்புப் பூவைக் கொத்தாகக் கொட்டும். பிரான்சின் மேயான் குடும்பம் எடுத்த 'பொனிகா' 1987-ல் அமெரிக்காவின் அகில நாட்டு ரோசாத் தேர்வில் பரிசு வாங்கிய முதல் புதர் ரோசா. ஜேர்மனியில் புதிய ரோசாக்களை நாட்டின் பல இடங்களில் சில வருடம் மருந்தே இல்லாமல் நட்டுப் பார்த்துத்தான் தரச் சான்று கொடுக்கிறார்கள்.

ஆனால் இந்தப் பெயர்களைக் குறித்துக்கொண்டு தேடியலைய வேண்டியதில்லை. மில்வாக்கியின் கரும்புள்ளியும் மடுல்சீமையின் கரும்புள்ளியும் ஒரே இனமானாலும் ஒரே வம்சமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. இந்தப் பூஞ்சணத்தில் பல பிரிவுகள் இருக்கின்றன. ஒன்றைத் தாங்குகிற செடி இன்னொன்றிடம் விழும். ரோசா மல்டிஃபுளோரா என்ற காட்டு ரோசாவிலிருந்து கண்டெடுத்த ஆர்.டி.ஆர்.1 என்ற எதிர்ப்பு மரபணு பல பிரிவுகளைத் தடுக்கும், எல்லாவற்றையும் தடுக்காது. ராட்லர் மில்வாக்கியில் பாடுபட்டுச் செய்த சோதனையை ஊவாவின் ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் ஒவ்வொரு வருடமும் செலவில்லாமல் செய்கின்றன. பழைய லயங்களின் வாசலில், பாடசாலை மதில் ஓரத்தில், கோயில் முன்றிலில், ஒரு துளி மருந்து காணாமல் பத்து வருடம் நிற்கிற ரோசாப் புதர் அந்தச் சோதனையில் தேறியது. அதன் பெயர் யாருக்கும் தெரியாது. பரவாயில்லை. மார்கழியில் போய்ப் பாருங்கள். மேலிருந்து கணுக்கால் உயரம் வரை பச்சை இலை இருந்தால், கொப்பு கேட்க வேண்டிய செடி அதுதான்.

இந்தச் செடிகள் லயத்துக்கு எப்படி வந்திருக்கும் என்பதைத் தோட்டத்து வரலாறு தெரிந்தவர்கள் ஊகிக்கலாம். 1867-ல் பிரான்சில் கீயோ என்பவர் 'லா ஃபிரான்ஸ்' என்ற இளஞ்சிவப்பு ரோசாவை வெளியிட்டார். நீண்ட காம்பில் ஒற்றைப் பெரிய பூ. 'ஹைபிரிட் டீ' என்ற வகை அதிலிருந்துதான் கணக்கு. (அதே 1867-ல்தான் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலை நட்டார். தற்செயல்தான்.) துரைமார் பங்களாக்களின் பூந்தோட்டத்துக்கு இந்தப் பெரிய பூ ரோசாக்கள் மிகவும் பிடித்தவை. தோமஸ் வில்லியர்ஸ் 1931-ல் அப்புத்தளையில் கட்டி முடித்து, இப்போது மடாலயமாக இருக்கும் அடிஷாம் பங்களாவில் இன்றும் ரோசாத் தோட்டம் இருக்கிறது. வெலிமடைப் பாதையில் ஏறினால் 1861-ல் சிங்கோனாவுக்காகத் தொடங்கிய ஹக்கலைத் தாவரவியல் பூங்கா. அங்கே ரோசா பார்க்கப் போகாதவர்கள் குறைவு. இவையெல்லாம் சம்பளத்துக்கு ஆள் வைத்து வளர்க்கிற ரோசாக்கள். களை எடுக்க, மருந்தடிக்க, வாடிய பூவைக் கிள்ள ஒருவர் எப்போதும் நிற்பார். அங்கிருந்து கொப்பாக லயத்துக்கு வந்திருக்கக்கூடிய ரோசாவுக்கு அந்த வாய்ப்பு இல்லை. பிரட்டுக்குப் போய், கொழுந்து நிறுத்து, பொழுது சாய வீடு வருகிற பெண் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் உண்டு. அதிலேயே பிழைத்ததுதான் தங்கியிருக்கிறது.

காட்டு ரோசா வருடத்தில் ஒரு பருவம் மட்டும் பூக்கும். மிச்ச நாளெல்லாம் நீண்ட கொடிகளை விட்டுக்கொண்டிருக்கும். புதர் ரோசா வருடம் முழுக்கப் பூப்பதற்கும் குட்டையாக இருப்பதற்கும் காரணம் ஒன்றே. காட்டு ரோசாவில் கே.எஸ்.என். என்ற மரபணு, "இப்போது பூக்காதே, வளர்" என்று தண்டின் நுனியைத் தடுத்து வைக்கிறது. சீனத்துத் தோட்டங்களில் எப்போதோ ஒரு ரோசாவில், இடம் விட்டு இடம் தாவுகிற மரபுத்துண்டு ஒன்று இந்த மரபணுவுக்குள் புகுந்து அதைச் செயலிழக்கச் செய்துவிட்டது. தடை நீங்கியதும் கிளம்புகிற ஒவ்வொரு துளிரும் பூவில் போய் முடிந்தது. பூவில் முடிந்த தண்டு மேலே நீளாது. ஆகவே செடி குட்டையானது. தாவிய துண்டு சில சமயம் வெளியேறிவிடும். அப்போது குட்டை ரோசாவிலிருந்து திடீரென்று கொடி ரோசா கிளம்பும். இதை 2012-ல் ஜப்பானிய, பிரெஞ்சு ஆய்வாளர்கள் சேர்ந்து விளக்கினார்கள்.

'ஓல்ட் பிளஷ்' என்ற இளஞ்சிவப்புச் சீன ரோசா பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போய், அங்கிருந்த ரோசாக்களுக்கு இந்தக் குணத்தைக் கொடுத்தது. 2018-ல் ரோசாவின் முழு மரபுத்தொகுதியைப் படிக்க எடுத்துக்கொண்டதும் அதையேதான். இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் தீவின் வேலிகளில் 'ஓல்ட் பிளஷ்'ஷும் டமஸ்க் ரோசாவும் தானாகவே கலந்து பிறந்ததுதான், தமிழ்நாட்டில் மாலைக்காரர்கள் எட்வர்ட் ரோசா என்று கூப்பிடும் செடி.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இளஞ்சிவப்பைத் தருவது அந்தோசயனின் என்ற நிறமிக் குடும்பம். குளிரில் அது கூடும், வெப்பத்தில் குறையும். ஒரே செடியின் கொப்பைப் பதுளை நகரத்திலும் அப்புத்தளையிலும் நட்டால் மேலே இருப்பது கூடுதல் அழுத்தமாகப் பூக்கும். கடைக்காரர் நிறம் மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

இனி மண். தோட்டத்து மக்களுக்கு ரோசா வளர்ப்பில் தெரியாதது என்று பார்த்தால் இது ஒன்றுதான். ஏனென்றால் தேயிலையும் ரோசாவும் இங்கேதான் நேர் எதிர். தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும், அதன் பி.எச். நாலரைக்கும் ஐந்தரைக்கும் இடையில் இருப்பது நல்லது. ரோசா கேட்பது ஆறு முதல் ஆறரை. பி.எச். கணக்கில் ஒரு எண் கூடினால் புளிப்பு பத்தில் ஒன்றாகும். நாலரைக்கும் ஆறரைக்கும் நடுவே நூறு மடங்கு. ஐந்துக்குக் கீழே போன மண்ணில் அலுமினியம் கரைந்து வரும். தேயிலை அதை உறிஞ்சி முற்றிய இலைகளில் சேர்த்து வைத்துக்கொள்ளும், அதற்கு ஒன்றும் ஆகாது. ரோசாவின் வேர் நுனி அதில் கருகி நின்றுவிடும். பொசுபரசு இரும்போடும் அலுமினியத்தோடும் கட்டுண்டு கிடக்கும். எரு எவ்வளவு போட்டாலும் செடி சோம்பிக் கிடப்பது இதனால்தான்.

மருந்து தோட்டத்திலேயே இருக்கிறது. கவ்வாத்து வருடத்தில் தேயிலைக்குத் தூவுகிற டொலமைட், கல்சியமும் மக்னீசியமும் கலந்த சுண்ணாம்புக் கல் தூள். ரோசாவுக்கு ஒன்றரை அடிக் குழி தோண்டி, எடுத்த மண்ணோடு இரண்டு கைப்பிடி டொலமைட்டைக் கலந்து, இரண்டு வாரம் விட்டு நடலாம். அடுப்புச் சாம்பலும் உதவும். கவ்வாத்து மிலாறை எரித்த சாம்பலில் தேயிலை மண்ணிலிருந்து எடுத்த கல்சியமும் பொட்டாசியமும் திரண்டு இருக்கும். அதை மழையில் நனையாமல் வைத்திருந்து, மாதம் ஒரு கைப்பிடி வேரைச் சுற்றித் தூவினால் போதும். அளவுக்கு மிஞ்சினால் மண் காரமாகி இலை வெளுக்கும். பிளாஸ்டிக் போட்டு எரித்த சாம்பல் கூடாது. சாம்பலையும் பச்சை மாட்டெருவையும் ஒரே நாளில் கலந்து போடவும் கூடாது. காரம் பட்டதும் எருவிலுள்ள நைதரசன் அமோனியாவாகி ஆவியாகிவிடும். மூக்கில் ஏறுகிற அந்த நெடி, போட்ட பசளை பறந்து போகிற நெடி.

தேயிலைச் சக்கையை ரோசாவுக்குப் போடுகிற பழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. கெடுதல் இல்லை. ஆனால் சக்கையிலுள்ள பொலிபீனால்கள் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் அது மெதுவாகத்தான் மக்கும். அதையே பசளை என்று நம்பி மாட்டெருவை விட்டுவிட வேண்டாம்.

கொப்பை வேர் பிடிக்க வைப்பது பற்றித் தோட்டத்துக்காரருக்குப் பாடம் எடுத்தால் சிரிப்பார்கள். தவறணையில் வி.பி. தேயிலைக்கு ஓர் இலையும் ஒரு கணுவும் வைத்து ஆயிரக்கணக்கில் குச்சி வெட்டுகிற கைகள் அவை. 1925-ல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் கிளை ஒன்று பசறையிலேயே இருக்கிறது. அது வெளியிட்ட தேயிலை வகைகள் நாடெங்கும் பரவியது இப்படிக் குச்சி வழியாகத்தான். ரோசாவுக்கு இன்னும் எளிது. பூத்து முடிந்த, பென்சில் பருமனான கொப்பில் ஆறு அங்குலம் வெட்டுங்கள். அடி வெட்டு ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக இருக்க வேண்டும். மேலே ஓர் இலையை மட்டும் விடுங்கள். இலையிலும் மொட்டிலும் உண்டாகும் ஒக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் தண்டு வழியாகக் கீழே இறங்கி, வெட்டிய இடத்துக்கு மேல் போக வழியில்லாமல் தேங்கும். தேங்கிய இடத்தில் கலங்கள் தடித்து, அங்கிருந்து வேர் முளைக்கும். இலையை முழுக்கக் கிள்ளிவிட்டால் ஒக்சினும் குறையும், வேருக்கான சாப்பாடும் குறையும். இலையை நிறைய விட்டால் வேர் வருமுன் தண்ணீர் வற்றிக் காய்ந்துவிடும். மணலும் மண்ணும் சமமாகக் கலந்த பையில் நட்டு, பொலித்தீனால் மூடி நிழலில் வைத்தால் ஐந்து, ஆறு வாரத்தில் வேர் பிடிக்கும். தவறணையில் தேயிலைக்கு எடுக்கிற புளிப்பான அடிமண் மட்டும் வேண்டாம்.

இப்படிச் சொந்த வேரில் எடுத்த செடிக்கு இன்னொரு நன்மை. கடையில் வாங்கும் பெரிய பூ ரோசாக்கள் பலவும் வேறொரு ரோசாவின் வேரில் ஒட்டியவை. தண்டின் அடியில் முழங்கை போல் வீங்கியிருக்கும் இடம்தான் ஒட்டு. அதற்குக் கீழிருந்து கிளம்புகிற துளிர் வேர்ச்செடியின் துளிர். கவனிக்காவிட்டால் ஒட்டிய ரோசாவைத் தின்றுவிடும். சொந்த வேரில் நிற்கும் செடியில் எங்கிருந்து துளிர்த்தாலும் அதே பூதான். ஆடு மேய்ந்து தரையோடு போனாலும் திரும்ப வரும்.

கவ்வாத்தும் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. தேயிலையைக் கவ்வாத்துப் பண்ணும் முன்பு வேரை வெட்டி அயடீன் கரைசலில் தோய்த்துப் பார்ப்பார்கள். கருநீலமானால் மாச்சத்து இருக்கிறது, வெட்டலாம். கச்சான் என்ற வறண்ட காற்றில் வாடி, மாச்சத்து தீர்ந்த செடியை வெட்டினால் மறுபடி துளிர்க்கப் பலமில்லாமல் செத்துவிடும். ரோசாவையும் வறட்சியின் நடுவில் வெட்டக் கூடாது. மழை தொடங்கும்போதும் வேண்டாம். அப்போது கிளம்பும் இளந்துளிர் நேராகக் கரும்புள்ளியின் வாயில் போய் விழும். ஊவாவுக்கு நல்ல காலம் தைப் பொங்கல் கழிந்து மாசி பிறக்கும் சமயம். பருவமழை ஓய்ந்திருக்கும், மண்ணில் ஈரம் இருக்கும், செடியில் பலம் இருக்கும். உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, காய்ந்ததையும் உரசுகிற கொப்பையும் எடுத்து, நடுவைத் திறந்து விடுங்கள். கொட்டிக் கிடக்கும் நோய் இலையை அன்றே பொறுக்கி எரித்துவிடுங்கள். வெட்டிய நாளிலிருந்து ஆறு, ஏழு வாரத்தில் பூ வரும். மாசி முதல் வாரம் வெட்டினால் சித்திரை வருசப் பிறப்பை ஒட்டிச் செடி நிறைந்து நிற்கும்.

நடுவைத் திறப்பதை அழகுக்கான வேலை என்று நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம். பிரான்சின் ஆஞ்சே நகரத்து ஆய்வாளர்கள் ராட்லரின் 'நொக் அவுட்' செடியையே வைத்துச் செய்த சோதனையில், ரோசாவின் கணு மொட்டு வெளிச்சம் பட்டால்தான் விழிக்கிறது என்று கண்டார்கள். நுனியை வெட்டி, வேண்டிய சத்தெல்லாம் கிடைத்தும், இருட்டில் வைத்தால் அது தூங்கியே கிடந்தது. பல செடிகள் இருட்டிலும் துளிர்விடும், ரோசா விடாது. ஆகவே சவுக்கு நிழலிலும், மதிலுக்கு மேற்கே ஒட்டியும் நட வேண்டாம். கிழக்குச் சரிவில் இருப்பதால் ஊவாவுக்கு விடியற்காலை வெயில் நேராகக் கிடைக்கிறது. அந்த வெயில் பனியைச் சீக்கிரம் உலர்த்தும். கரும்புள்ளிக்கு வேண்டிய ஏழு மணித்தியாலம் அங்கேயே குறைந்துவிடும்.

ஜூன் முதல் செப்டெம்பர் வரை கதை மாறும். தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையை இறக்கிவிட்டு, மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது சூடேறி வறண்ட கச்சானாக வீசும். கரும்புள்ளி ஓய்ந்துவிடும், சிவப்புச் சிலந்திப் பூச்சி வரும். இலையின் அடிப்பக்கம் நுண்ணிய வலை தெரிந்தால், விடியற்காலையில் இலையின் அடியைத் தண்ணீரால் பீய்ச்சிக் கழுவுங்கள். இலை ஈரமாகக் கிடந்தால் கேடு என்று சொன்ன நானே இப்போது நனை என்கிறேன். வெயில் ஏறியதும் காய்ந்துவிடுவதால் பயமில்லை. வேரைச் சுற்றி மானாப்புல்லை மூன்று விரல் தடிப்புக்குப் பரப்பி, தண்டை ஒட்டாமல் விடுங்கள். கச்சானில் ஈரம் காக்கும் அதே புல், மழையில் துளி தெறிப்பதையும் தடுக்கும். இத்தனை செலவில்லாத வேலை வேறில்லை.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இடம் போதவில்லை என்று வீட்டுக்குப் பின்னால் மண்மேட்டை வெட்டிப் பூந்தோட்டம் போடாதீர்கள். 2014 ஒக்டோபர் 29-ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை இந்த மாவட்டம் மறக்கவில்லை. ரோசாவின் வேர் சரிவைப் பிடித்து நிறுத்துகிற வேர் அல்ல.

கடைசியாக மணம். இந்தச் செடிகளின் குறை இதுதான். கொத்துப்பூப் புதர் ரோசாக்களில் பலவற்றுக்கும் வாசனை மிகக் குறைவு. நோய் தாங்கவும் ஓயாமல் பூக்கவும் தேர்ந்தெடுத்தவர்கள் மணத்தைக் கவனிக்கவில்லை. ரோசாவின் மணத்தில் முக்கியமான ஜெரானியோல், என்.யூ.டி.எக்ஸ்.1 என்ற நொதியத்தின் வழியாக உண்டாகிறது என்று 2015-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்டார்கள். மணமில்லாத ரோசாவில் அந்த மரபணு ஏறக்குறைய வேலை செய்வதே இல்லை. அதே ஜெரானியோலும் லினலூலும் தேயிலை மணத்திலும் இருக்கின்றன. கச்சான் வாட்டும் மாதங்களில் ஊவாத் தேயிலைக்கு ஏலத்தில் நல்ல விலை கொடுக்கும் அந்தத் தனி மணத்தில் லினலூலோடு மெதைல் சலிசிலேட்டும் சேர்ந்திருக்கிறது.

சாமிக்கும் தலைக்கும் மணக்கிற பூதான் வேண்டுமென்றால் புதர் ரோசாவை நம்பாதீர்கள். பக்கத்திலேயே ஒரு பன்னீர் ரோசாவும் வையுங்கள். கார்த்திகையில் அது இலையைக் கொட்டினால் மருந்துக்கடைக்கு ஓட வேண்டாம். விழுந்த இலையைப் பொறுக்கிவிட்டு, தைப் பொங்கல் முடிய வெட்டிவிடுங்கள், துளிர்க்கும்.